சொறி அடித்த கை

எங்கள் தெருவில் சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தூக்கோடு வருவார்கள். போகும்போது மாவோடு ஒரு சேதியையும் வாங்கிக்கொண்டு போவார்கள். மாவு என் கிரைண்டரில் அரைத்தது. சேதியும் பெரும்பாலும் அங்கேதான் அரைபட்டது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. போன புரட்டாசி வரைக்கும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு எங்களுடையது. கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். என் பெயர் ஜெயம்மாள். யார் வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு ஆட்டோ நின்றது, இறங்கினவர் கையில் பழம் இருந்ததா, பெட்டி இருந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேவு பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கிரைண்டர் வாசலைப் பார்த்து இருக்கிறது, வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறது, நான் என்ன செய்ய? என் வீட்டுக்காரர் இருசப்பன் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். அவர் நாளைக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர். அதில் இரண்டு என்னைப் பற்றியதாக இருக்கும்.

எதிர்வீட்டில் பிரவீன்குமாரும் அபிநயாவும் குடியிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டுகிறவன். அவள் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். சொந்த ஊர் ரிஷிவந்தியம், அப்பா ராஜாங்கம் கரும்பு போடுகிறவர். அந்த வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு சண்டைச் சத்தம் கேட்டதில்லை. ஒரு தட்டு விழுந்து உருண்ட சத்தம்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு கோமுகி டேமுக்கோ மலை மேலே அருவிக்கோ போய்விடுவார்கள். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போதும் சிரித்துக்கொண்டே திறப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அது ஒரு குறையாகவே இருந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு அவர்கள் கடலூருக்குப் போனார்கள், கடல் பார்க்க. மறுநாள் திங்கட்கிழமை சாயந்திரம் அபிநயா தூக்கோடு வந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. மாவு ஊற்றித் தூக்கை நீட்டினேன். வாங்கும்போது சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரி வரியாகச் சிவந்து தடித்திருந்தது. நாலைந்து கோடு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளைந்து, ஒயரை மடக்கி அடித்த மாதிரி.

“இன்னாம்மா கையில?” என்றேன்.

“சொறி அடிச்சிடுச்சிக்கா.”

எங்கள் ஊரில் சொறி என்றால் நாய்க்கு வருவது. அது பிடிக்கும், பரவும். அடிக்காது. அபிநயா என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள். கடலிலிருந்து ஒதுங்குகிற வழவழப்பான ஒரு பிராணியாம். மீன்காரர்கள் அதைச் சொறி என்பார்களாம். மணலில் நீலமாக, பளபளவென்று ஒன்று கிடந்ததாம், அழகாக இருக்கிறதே என்று குனிந்து தொட்டாளாம், அதன் வாலில் இருந்த நூல் கையில் சுற்றிக்கொண்டதாம். தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கண்ணாடி உள்ளே இருந்தது. எடுத்து வந்து போட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம். போடாமலே பார்த்தேன். நீலமாக உப்பலாக என்னவோ இருந்தது.

“இது கேரி பேக்குமா. துணிக்கடையில குடுப்பாங்களே, அந்தக் கவரு. காத்து பூந்துக்கினு கீது,” என்றேன்.

“நானும் மொதல்ல அப்டித்தான்க்கா நெனச்சேன்,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நடந்ததை நடந்தபடி சொல்லி, படமும் காட்டிவிட்டுப் போனாள். என் வேலை மாவு ஊற்றுவது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்பு முனைவீட்டில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் பெல்ட்டால் அடிப்பான். அவன் அடிக்கிற நேரத்தில் தெருவே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும், என் வீடும் சேர்த்துத்தான். முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்பாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அபிநயா கடல், சொறி, நூல் என்று சொன்னதும் எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் பேசினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்ற பாதி, எதிர்வீட்டைப் பற்றி ஒரு சேதி கிடைத்துவிட்டது என்கிற குஷி.

பத்து நிமிஷத்தில் கோகிலவாணி வந்தாள். மூன்றாவது வீடு. அவளிடம் ஒன்றைச் சொன்னால் தண்டோரா போட வேண்டியதில்லை.

“அபிநயா கையப் பாத்தியா? ஒயரால இழுத்த மாதிரி வரி வரியா கீது. இன்னாம்மான்னு கேட்டா அடிச்சிட்டாருக்கான்றா,” என்றேன்.

இதில் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அபிநயா சொன்னது ‘அடிச்சிடுச்சி’. நான் சொன்னது ‘அடிச்சிட்டாரு’. சொறி என்கிற சொல்லை முழுசாக விழுங்கிவிட்டேன், அது இருந்தால் கோகிலவாணி கேள்வி கேட்பாள். பிறகு வாலை மட்டும் வெட்டி வேறு வாலை ஒட்டினேன். அஃறிணை உயர்திணை ஆகிவிட்டது, கூடவே மரியாதையும் சேர்ந்துவிட்டது. அந்த மரியாதைதான் கேட்டவர்களை நம்பவைத்தது. அடித்தாலும் புருஷனை இங்கே ‘ஆரு’ போட்டுத்தானே சொல்வோம்.

செவ்வாய்க்கிழமை தெருவுக்குத் தெரிந்தது. புதன்கிழமை ஜெராக்ஸ் கடைக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜாங்கம் ரிஷிவந்தியத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார்.

எதிர்வீட்டில் முதலில் மெதுவாகத்தான் பேச்சு நடந்தது. நான் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே களைந்த அரிசிதான். பிரவீன்குமார் போனில் ஏதோ வீடியோ போட்டு மாமனாரிடம் காட்டினான், கடலில் இந்த மாதிரி ஒன்று இருக்கிறது, நூல் பட்டால் இந்த மாதிரி தடிக்கும் என்று. ராஜாங்கம் போனைத் தள்ளிவிட்டார். இப்போதெல்லாம் போனில் செத்தவர்கள்கூட எழுந்து பேசுகிறார்கள், இதை எப்படி நம்புவது என்று கேட்டார். பிறகு தெருவைக் கடந்து நேரே என் வாசலுக்கு வந்தார்.

“நீங்கதானம்மா ஜெயம்மாளு? எம்பொண்ணு அவ வாயால உங்ககிட்ட சொன்னாளா, அவன் அடிச்சான்னு?”

அவர் முதுகுக்குப் பின்னால் அபிநயா நின்றாள். சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. “நான் அப்டி சொல்லலன்னு சொல்லுங்கக்கா,” என்றாள்.

தெருவில் பாதி ஜனம் வந்து நின்றிருந்தது. முன்வரிசையில் கோகிலவாணி. இல்லை என்று சொன்னால், அப்படியானால் எனக்கு எப்படிச் சொன்னாய் என்று அவள் அங்கேயே கேட்பாள். இவ்வளவுதான் என் கணக்கு. ஒரு பெண்ணின் குடும்பத்தை ஒரு தட்டில் வைத்தேன், கோகிலவாணி என்னைப் பார்க்கப்போகிற பார்வையை இன்னொரு தட்டில் வைத்தேன்.

“சொன்னா,” என்றேன்.

அபிநயா கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் குத்துகிறது. அன்றைக்குத் தான் பேசினது என்னிடம்தானா என்று யோசிக்கிறவள் மாதிரி என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அடித்தவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அது ஒவ்வொரு தடவையும் இன்னும் உறுதியானது. முனைவீட்டுப் பெண்ணும் இப்படித்தானே மறைத்தாள் என்று கோகிலவாணி பக்கத்தில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள்.

ராஜாங்கம் மகளை பைக்கில் ஏற்றினார். போகும்போது மருமகனிடம் சொன்னது தெருவுக்கே கேட்டது. “பெரியவங்கள கூட்டிக்கினு வந்து தப்ப ஒத்துக்கோ, அனுப்பி வெக்கிறேன். இல்லன்னா திங்கக்கெழம மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்.”

பெண்டாட்டி திரும்பி வர வேண்டுமென்றால் பிரவீன்குமார் செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். செய்யவில்லை என்று சொன்னால் போலீஸ். அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு கிரைண்டரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூட பஸ்ஸை வேறு ஒருவன் வந்து எடுத்துக்கொண்டு போனான். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, பெற்றவர்கள் கேட்கிறார்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். மத்தியானம் பிரவீன்குமார் என் வாசலுக்கு வந்தான்.

“உங்களத் திட்ட வரலக்கா. அன்னிக்கி அவ சொன்ன வார்த்தைய அப்டியே எங்க மாமாகிட்ட சொல்லுங்க. அதுபோதும்.”

“மாவு தீந்துபோச்சிப்பா,” என்றேன்.

மணி பன்னிரண்டரை. அவன் கையில் தூக்கு எதுவும் இல்லை. திரும்பிப் போனான்.

உள்ளே பாயில் படுத்திருந்த இருசப்பன் அன்றைய முதல் வாக்கியத்தைச் சொன்னார். “அந்தப் பொண்ணு ‘டுச்சி’ன்னுதான் சொன்னிச்சி. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்வதற்கு என்ன என்று அவர் மேல் பாய்ந்தேன்.

“நீ மூச்சு வுட்டாதானே நடுவுல பூர்றதுக்கு,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டு நான் கடலூருக்கு பஸ் ஏறினேன். நியாயம் செய்யப் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். எலவனாசூர்கோட்டையைத் தாண்டும்போது கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அப்படி ஒரு பிராணி கடலில் இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது இருந்துவிட்டால் நான் பொய்க்காரி. இல்லாவிட்டால் பிரவீன்குமார் அடிக்கிறவன், நான் யோக்கியம். ஒரு பெண் நிஜமாகவே அடிபட்டிருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டு போன பொம்பளை அந்த பஸ்ஸில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கடலை நான் அதற்கு முன்பு இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கடலை விட்டுவிட்டுக் கூட வந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை குனிந்த தலை நிமிராமல் மணலைப் பார்த்தபடி நடந்தேன். அலை விட்டுப் போன கோட்டில் செருப்பு, தேங்காய் மட்டை, மாலை, பாட்டில் என்று எல்லாம் கிடந்தது. நூறு அடி போனதும் நீலமாக, உப்பலாக ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். துணிக்கடை கேரி பேக்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை எடுத்து மணலை உதறி, மடித்து, சாட்சியாக என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன் என்று யாரிடமோ மனசுக்குள் சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் நடந்ததும் கால் வைக்க இடம் இல்லை. உரித்துப்போட்ட நுங்கு மாதிரி, ஆறி உறைந்த ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, கட்டி கட்டியாக மணலில் கிடந்தன. சில சோற்றுத்தட்டு அகலத்துக்கு இருந்தன. சில உள்ளங்கை அளவு, அடியில் கிடக்கிற மணல் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி. கண்ணும் இல்லை, வாயும் இல்லை, எந்தப் பக்கம் தலை என்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா வலையை விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். பெயர் ஆயம்மாள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

“சொறி,” என்றார்.

இதுவா அடிக்கும் என்றேன்.

ஆயம்மாள் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார், காய்கறிக் கடையில் சொத்தையைத் தள்ளுகிற மாதிரி. தட்டு மாதிரி இருக்கிற வெள்ளை கையில் பட்டால் கொஞ்ச நேரம் அரிக்கும், அவ்வளவுதான். இந்தக் கண்ணாடி மாதிரிச் சின்னது ஒன்றும் செய்யாது, பிள்ளைகள் எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடும். அடிக்கிறது வேறு ஜாதி. நீலமாக, பலூன் மாதிரி ஊதிக்கொண்டு, கீழே நூல் விட்டிருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கூட்டமாக ஒதுங்கும்.

கேரி பேக்கும் அப்படித்தானே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். என் கடைசி நம்பிக்கை அது.

“காத்துல பறந்தா கவரு. மணல்ல ஒட்டிக்கினு கெடந்தா சொறி,” என்றார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “போன ஞாயித்துக்கெழம கூட ஒரு பொண்ண அடிச்சிடுச்சி. கூட வந்த பையன் தூக்கிக்கினு ரோட்டுக்கு ஓடனான். அந்தப் பொண்ணு பல்லக் கடிச்சிக்கினு கீது, அவன்தான் அழுவறான்.”

அடிச்சிடுச்சி. அதே சொல். அதே வால்.

அதோடு நான் திரும்பியிருக்கலாம். ஆனால் ஐந்தாறு அடி தள்ளி நீலமாக ஒன்று கண்ணில் பட்டது. கட்டைவிரல் அளவுதான், காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அதிலிருந்து தையல் நூல் மாதிரி நீலமாக ஒரு இழை மணலில் வளைந்து வளைந்து போயிருந்தது. செத்து நாளாகியிருக்கும் என்று தோன்றியது. எதையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் நம்பினது இல்லை நான். அடுத்தவர் வீட்டுப் புடவையானாலும் சரி, புண்ணானாலும் சரி. குனிந்து அந்த நூலைத் தூக்கினேன். அது மணிக்கட்டில் மடங்கி விழுந்தது.

அடுப்பில் கை வைத்திருக்கிறேன், கொதிக்கிற எண்ணெய் தெறித்திருக்கிறது. இது அந்த மாதிரி இல்லை. யாரோ நிதானமாக, குறி பார்த்து அடித்த மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு ஆயம்மாள் கருவாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். கையைத் தேய்க்கப் போனேன், விடவில்லை. குச்சியால் நூலை எடுத்துப் போட்டுவிட்டு, கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்.

“செத்தாலும் அடிக்கும்னு சொல்றதுக்குள்ள கைய வெச்சிட்டியேம்மா,” என்றார்.

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். வலிக்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் காட்டு என்று சொல்லி அனுப்பினார். கையில் மூன்று வரி எழும்பிவிட்டது. ஓரத்தில் குருமணி மாதிரி கொப்புளம் கோத்திருந்தது. அபிநயாவின் கையில் இருந்தது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. அதே எழுத்து.

மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ரிஷிவந்தியத்தில் இறங்கியபோது மணி ஐந்து. வழியெல்லாம் நான் சொல்லப்போவதைத் தயார் செய்துகொண்டே போனேன். கையைக் காட்டுவேன். ஆயம்மாள் பார்த்ததைச் சொல்வேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பேன். புரிந்துகொண்டேன் என்கிற சொல் எவ்வளவு வசதியானது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை.

ராஜாங்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “இன்னாம்மா இது, உங்க வூட்டுக்காரரும் கை வெச்சிட்டாரா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன், கருவாடு, நுங்கு மாதிரிக் கட்டிகள், நீலம், நூல், தூக்கிக்கொண்டு ஓடிய பையன் அழுதது வரைக்கும். அபிநயா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. ராஜாங்கம் என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மகளைக் கூப்பிட்டு அவள் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சரிம்மா. கடல்ல அப்டி ஒண்ணு கீது, ஒத்துக்கறேன். ஆனா இவ உங்ககிட்ட அடிச்சிட்டாருன்னு சொல்லிக்கீறாளே. அது இன்னாத்துக்கு சொன்னா?”

கை ஒரு பாதிக்குத்தான் சாட்சி சொல்லும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறு பாதிக்கு நான்தான் சாட்சி. முகத்தைத் துடைக்கக் கைப்பையில் கர்சீப்பைத் தேடினேன். கூடவே அந்த நீல கேரி பேக் வெளியே வந்து தரையில் விழுந்தது. அபிநயா குனிந்து எடுத்தாள். அதிலிருந்து கொஞ்சம் கடல் மணல் கொட்டியது.

“இதுக்குத்தான் அவ்ளோ தூரம் போனீங்களாக்கா?” என்றாள். குரலில் கேலி இல்லை. “சொல்லுங்க. அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?”

“சொறி அடிச்சிடுச்சின்னு சொன்னே.”

ராஜாங்கம் என்னைப் பார்த்தார். “அப்ப அடிச்சிட்டாருன்றது?”

“நான் மாத்தினது.”

அவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு வழியை அவரே திறந்துவிட்டார். “காதுல தப்பா வுழுந்திருக்கும். அந்தக் கிரைண்டர் சத்தத்துல...”

திங்கட்கிழமை அந்த நேரத்தில் கிரைண்டர் ஓடவில்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அறுபதை நெருங்குகிறவளுக்குக் காது மந்தம் என்றால் யார் தப்பு சொல்வார்கள்? அபிநயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வியாழக்கிழமை பார்த்த அதே பார்வை. கை தீயாக எரிந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான் வுழுந்துச்சி,” என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் சமமாகிவிடும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மகளிடம், “நீ சொன்னே இல்ல. மூணு நாளா சொல்லிக்கினே இருந்தே இல்ல,” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவள் உள்ளே போய்த் துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். மாப்பிள்ளை என்று ஆரம்பித்தது கேட்டது.

நான் கிளம்பும்போது அபிநயா வாசல் வரைக்கும் வந்தாள். “எங்கப்பாகிட்ட சொன்னது பத்தாதுக்கா. மாவு வாங்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும். நீங்க மாத்தினதயும் சேத்து.”

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரவீன்குமார் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பூட்டைத் திறக்கும்போது இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரத்திலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு தடவை. அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை, கடல் சொறி அடித்தது, நான்தான் புருஷன் அடித்ததாக மாற்றிச் சொன்னேன், இதோ என்னையும் அடித்தது என்று கையைக் காட்டினேன். என் கிரைண்டரில் இவ்வளவு வேகமாக எந்தச் சேதியும் புளித்துப் போனதில்லை. போன வாரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர்கள், மாவு கெட்டியாக இருக்கிறதா, நாளைக்கு மதியம் வரைக்கும் தாங்குமா என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ரொம்ப மரியாதையாக டீ கொடுத்தார்கள். பஸ் வேறு டிரைவர் கைக்குப் போய்விட்டது, இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கோகிலவாணி மட்டும் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். ஆனால் அவள் கண் என் வாயைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது இன்னா அடிச்சிச்சின்னு சொன்னே?”

“சொறி.”

“சரிக்கா, சரிக்கா,” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குத் தெரிந்த தட்டு அது. முனைவீட்டுப் பெண்ணுக்கு நான் பல தடவை கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து இருசப்பன் டீக்கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“கடையில எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. நான் உன்ன அடிச்சிட்டேனாம்.”

நான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன், போய் நாலு பேருக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று.

“வுடு,” என்றார். “எனக்கு இன்னா, நான் பஸ்ஸா ஓட்டறேன்?”

தெருவில் லோடு வண்டிச் சத்தம் கேட்டது. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருகிற வண்டியை இப்போது பிரவீன்குமார் ஓட்டுகிறான். விடிவதற்கு முன் போனால் இந்த நேரத்துக்குத்தான் வருவான், தலை முழுக்கச் செம்மண்ணோடு. அபிநயா கேட்டைத் திறக்க வெளியே வந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். கோடுகள் ஆறிக் கறுத்திருந்தன. இன்னொரு கையில் கடையில் விற்கிற மாவு பாக்கெட் இருந்தது. எங்கள் வாசல் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

தூக்கோடு ஒரு பெண் வந்து நின்றாள், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். என் கையைப் பார்த்துவிட்டு, இன்னாக்கா ஆச்சி என்று கேட்டாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.